எத்தனையா, எவ்வளவா? ஆங்கில அளவுச் சொற்களைப் பழகும் முறை

கீரை விற்கும் அம்மாவிடம் ‘எத்தனை கட்டு இருக்கு?’ என்று கேட்கிறோம். பால்காரரிடம் ‘எவ்வளவு பால் இருக்கு?’ என்று கேட்கிறோம். ‘எத்தனை பால்’ என்று யார் வாயிலும் வராது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத குழந்தையின் வாயிலும் வராது. தனித்தனியாக நிற்பவற்றுக்கு ‘எத்தனை’, பிரியாமல் சேர்ந்து கிடப்பவற்றுக்கு ‘எவ்வளவு’ என்ற பாகுபாட்டை நமக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. தமிழோடு அது கூடவே வந்தது.

ஆங்கிலத்தில் ‘ஹவ் மெனி’, ‘ஹவ் மச்’ என்று இரண்டு கேள்விகள் இருப்பதும் இந்தப் பாகுபாட்டுக்காகத்தான். எத்தனை முட்டை என்பது ‘ஹவ் மெனி எக்ஸ்’. எவ்வளவு பால் என்பது ‘ஹவ் மச் மில்க்’. எத்தனை தடவை என்றால் ‘ஹவ் மெனி டைம்ஸ்’, எவ்வளவு நேரம் என்றால் ‘ஹவ் மச் டைம்’. தமிழ்க் காதை நம்பினாலே பெரும்பாலான இடங்களில் சரியான சொல் வந்துவிடும். இந்தப் பாடத்தில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்ற தைரியத்தோடு தொடங்குங்கள்.

அப்படியானால் ‘மெனி இன்ஃபர்மேஷன்ஸ்’, ‘த்ரீ லக்கேஜஸ்’, ‘நியூ ஃபர்னிச்சர்ஸ்’ எல்லாம் எங்கிருந்து வருகின்றன? பட்டதாரிகளின் விண்ணப்பங்களிலும், கடைகளின் பெயர்ப்பலகைகளிலும், அலுவலக மின்னஞ்சல்களிலும் இவற்றைப் பார்க்கிறோம். இவற்றை எழுதியவர்களுக்கு ‘மெனி’க்கும் ‘மச்’சுக்கும் வித்தியாசம் தெரியும். இன்ஃபர்மேஷன் என்ற பெயர்ச்சொல்லை ஆங்கிலம் எப்படிப் பார்க்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. பல இலக்கணப் புத்தகங்கள் அளவுச் சொற்களை அட்டவணை போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கின்றன. அந்த வரிசை சரியில்லை என்பது என் கருத்து. பெயர்ச்சொல்லை முதலில் பாருங்கள். அளவுச் சொல் தானாக வந்து உட்காரும்.

பெயர்ச்சொல்லின் குணம்

ஆங்கிலப் பெயர்ச்சொற்களைக் கௌண்டபிள், அன்கௌண்டபிள் என்று இரண்டாகப் பிரிப்பார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த மொழியியலாளர் ஓட்டோ யெஸ்பர்சன், 1924இல் வெளிவந்த தம் இலக்கணத் தத்துவ நூலில் இந்தப் பிரிவை விரிவாக அலசியிருக்கிறார். தமிழில் எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை என்று எழுதிவிடுகிறோம். அங்கேயே மாணவர்களுக்கு ஒரு நியாயமான சந்தேகம் எழுகிறது: ‘பணத்தை எண்ணத்தானே செய்கிறோம்? மணி என்ற சொல் எப்படி அன்கௌண்டபிள் ஆகும்?’

நாம் எண்ணுவது ரூபாயையும் நோட்டையும் நாணயத்தையும். ‘ஃபைவ் ருபீஸ்’ உண்டு, ‘ஃபைவ் நோட்ஸ்’ உண்டு, ‘ஃபைவ் மணி’ கிடையாது. தமிழிலும் ‘ஐந்து பணம்’ என்று இன்று சொல்வதில்லை. ஆக, உலகத்தில் அந்தப் பொருளை எண்ண முடியுமா என்பது இங்கே கேள்வியே இல்லை. அந்தச் சொல்லுக்கு முன்னால் எண்ணை வைக்க ஆங்கிலம் இடம் கொடுக்கிறதா என்பதே கேள்வி. கோதுமையும் ஓட்ஸும் ஏறக்குறைய ஒரே மாதிரியான தானியங்கள். ஆனால் ‘வீட்’ ஒருமையாகவே நிற்கிறது, ‘ஓட்ஸ்’ பன்மையாகவே நிற்கிறது. ‘ரைஸ்’ அன்கௌண்டபிள், ‘பீன்ஸ்’ கௌண்டபிள். பட்டாணியின் கதை இன்னும் சுவையானது. பழைய ஆங்கிலத்தில் ‘பீஸ்’ என்பதே ஒருமைச் சொல். அரிசி, மாவு போல மொத்தமாக வழங்கியது. கடைசியில் ஒலிக்கும் ஸகரத்தைப் பன்மை விகுதி என்று மக்கள் நினைத்துக்கொள்ள, 17ஆம் நூற்றாண்டில் ‘பீ’ என்ற புதிய ஒருமை பிறந்தது. இவ்வளவு வழக்கம் சார்ந்த விஷயத்தைத் தர்க்கத்தால் மட்டும் பிடித்துவிட முடியாது.

ஒரு சொல் அன்கௌண்டபிள் என்றால் அதற்கு முன்னால் ‘எ’, ‘ஆன்’, ‘ஒன்’, ‘டூ’ வராது. பின்னால் ‘ஸ்’ ஒட்டாது. அதற்கு வரும் வினைச்சொல் ஒருமையிலேயே இருக்கும். இந்த மூன்றும் சேர்ந்தே வரும். ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்ற இரண்டும் கையில் இருக்கும். சந்தேகம் வந்தால் மாணவர்களுக்கான அகராதியைப் புரட்டுங்கள். ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி தம் கூட்டாளிகளோடு தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியானது. ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதியாகப் பின்னர் வளர்ந்தது அதுதான். இன்றைய பதிப்பில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் ‘சி’ என்ற எழுத்து இருந்தால் கௌண்டபிள், ‘யு’ இருந்தால் அன்கௌண்டபிள். பொருளை மட்டும் பார்த்துவிட்டு அகராதியை மூடிவிடுகிறோம். அந்த ஓர் எழுத்தையும் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஒரு வருடத்தில் உங்கள் ஆங்கிலம் அடையாளம் தெரியாத அளவுக்குச் சீராகும்.

தமிழும் ஆங்கிலமும் பிரியும் இடங்கள்

நம் காது நம்மைக் கைவிடும் சொற்கள் அதிகம் இல்லை. அவற்றை மட்டும் தனியே பழகிக்கொண்டால் போதும்.

தமிழில் தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், சான்றுகள், ஆராய்ச்சிகள், முன்னேற்றங்கள் என்று ‘கள்’ சேர்த்து எழுதுகிறோம். ஆங்கிலத்தில் இன்ஃபர்மேஷன், அட்வைஸ், நியூஸ், எவிடன்ஸ், ரிசர்ச், ப்ராக்ரஸ் எல்லாமே அன்கௌண்டபிள். நியூஸ் என்ற சொல்லின் கடைசி ஒலி ஏமாற்றும். ‘தி நியூஸ் இஸ் குட்’ என்றுதான் சொல்ல வேண்டும், ‘ஆர்’ வராது. இதே வரிசையில் வீட்டுச் சாமான்களும் வருகின்றன. மேஜை, நாற்காலி, கட்டில், பீரோ எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பொதுப்பெயர் ஃபர்னிச்சர். பெட்டி, பை, மூட்டை எல்லாம் சேர்ந்து லக்கேஜ். வளையல், சங்கிலி, தோடு எல்லாம் சேர்ந்து ஜுவல்லரி. எக்விப்மென்ட், மெஷினரி, ஸ்டேஷனரி ஆகியவையும் அப்படியே. பலவகைப் பொருள்களை ஒரே பெயரில் கட்டிப்போட்டபின் அந்தக் கட்டை ஆங்கிலம் திரும்பப் பிரித்து எண்ணுவதில்லை.

கணினித் துறையில் வேலை செய்பவர்கள் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும்: சாஃப்ட்வேர், ஃபீட்பேக், ஹார்ட்வேர். ‘சாஃப்ட்வேர்ஸ்’, ‘ஃபீட்பேக்ஸ்’ என்பவை நம் ஊர் அலுவலகங்களில் நாள்தோறும் புழங்குகின்றன. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுப்பும் கடிதத்தில் அந்த ‘ஸ்’ உடனே கண்ணில் படும். பள்ளி, கல்லூரிகளில் ‘ஹோம்வர்க்ஸ்’, ‘ஸ்டாஃப்ஸ்’ உண்டு. நம்மிடையே ஓர் ஆசிரியரையே ‘எங்க ஸ்டாஃப் சொன்னாங்க’ என்று குறிப்பிடும் வழக்கம் ஊறிவிட்டது. ஆங்கிலத்தில் ஸ்டாஃப் என்பது பணியாளர் கூட்டம் முழுவதற்கும் பெயர். ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் ‘எ மெம்பர் ஆஃப் ஸ்டாஃப்’, பலரைச் சொல்ல ‘ஸ்டாஃப் மெம்பர்ஸ்’. தலைமுடியும் இந்தப் பட்டியலில் சேரும். ‘ஹர் ஹேர் இஸ் லாங்’ என்பதே சரி. தலையில் இருப்பது ஆயிரக்கணக்கான இழைகள் என்றாலும் ஒருமைதான்.

இவற்றை எண்ணியே ஆக வேண்டிய நிலை வந்தால் என்ன செய்வது? நான் எல்லோருக்கும் முதலில் சொல்லிக்கொடுக்கும் வழி இது: பல அன்கௌண்டபிள் சொற்களுக்குப் பக்கத்திலேயே எண்ணக்கூடிய உறவுக்காரச் சொல் ஒன்று இருக்கும். அதைக் கூப்பிடுங்கள். ‘லக்கேஜ்’ஜை எண்ண முடியாது, ‘பேக்ஸ்’ஸை எண்ணலாம். ‘வர்க்’குக்கு ‘ஜாப்ஸ்’ அல்லது ‘டாஸ்க்ஸ்’. ‘டிராவல்’லுக்கு ‘டிரிப்ஸ்’. ‘இன்ஃபர்மேஷ’னுக்கு ‘டீடெயில்ஸ்’. ‘அட்வை’ஸுக்கு ‘டிப்ஸ்’, ‘சஜஷன்ஸ்’. ‘மெஷினரி’க்கு ‘மெஷின்ஸ்’, ‘டிராஃபிக்’குக்கு ‘வெஹிக்கிள்ஸ்’, ‘சாஃப்ட்வே’ருக்கு ‘ப்ரோக்ராம்ஸ்’, ‘பொயட்ரி’க்கு ‘போயம்ஸ்’. விமான நிலையத்தில் எத்தனை பெட்டி என்று கேட்பவர் ‘ஹவ் மெனி பேக்ஸ்’ என்றுதான் கேட்பார். வாக்கியத்தின் நடுவே தடுமாறும்போது இந்த மாற்றுச் சொல் உங்களைக் கரை சேர்க்கும்.

கட்டு, முழம், சிட்டிகை

இன்னொரு வழியும் உண்டு. அது தமிழர்களுக்குப் புதிதே இல்லை. பொருளை எண்ண முடியாதபோது அதை அளக்கும் அலகை எண்ணுவது. மல்லிகைப்பூவைத் தனித்தனியாக எண்ண முடியும். ஆனாலும் நாம் இரண்டு முழம் என்றுதான் வாங்குகிறோம். ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு குடம் தண்ணீர், ஒரு மூட்டை சிமெண்ட் என்று அலகுச் சொற்கள் தமிழில் கொட்டிக் கிடக்கின்றன. ஆங்கிலத்திலும் அதே ஏற்பாடு: சிட்டிகைக்கு ‘எ பின்ச் ஆஃப்’, கைப்பிடிக்கு ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப்’, துளிக்கு ‘எ டிராப் ஆஃப்’, தாளுக்கு ‘எ ஷீட் ஆஃப் பேப்பர்’, சோப்புக் கட்டிக்கு ‘எ பார் ஆஃப் சோப்’, முழு ரொட்டிக்கு ‘எ லோஃப் ஆஃப் பிரெட்’, அதில் ஒரு துண்டுக்கு ‘எ ஸ்லைஸ் ஆஃப் பிரெட்’. வாழை வணிகத்தில் தாருக்கு ‘பன்ச்’, சீப்புக்கு ‘ஹேண்ட்’, தனிப்பழத்துக்கு ‘ஃபிங்கர்’ என்று மூன்று சொற்கள் வழங்குகின்றன. பழ ஏற்றுமதியில் இறங்க நினைப்பவர்கள் இவற்றைக் குறித்துக்கொள்ளலாம்.

உருவம் இல்லாதவற்றுக்கும், ஃபர்னிச்சர் போன்ற பொதுப்பெயர்களுக்கும் ‘எ பீஸ் ஆஃப்’ கைகொடுக்கும். ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’, ‘டூ பீசஸ் ஆஃப் ஃபர்னிச்சர்’, ‘த்ரீ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’. பன்மை விகுதி அலகின் மேல்தான் ஏறும், பொருளின் மேல் ஏறாது.

நாம் இங்கே தவறவிடுவது ‘ஆஃப்’ என்ற சின்னச் சொல்லை. தமிழில் ‘ஒரு கிலோ அரிசி’ என்பதில் கிலோவுக்கும் அரிசிக்கும் நடுவே எதுவும் இல்லை. அதே பழக்கத்தில் ‘ஒன் கிலோ ரைஸ்’ என்று சொல்லிவிடுகிறோம். ‘எ கிலோ ஆஃப் ரைஸ்’, ‘டூ கிலோஸ் ஆஃப் ரைஸ்’ என்று பழகுங்கள். ஆனால் டஜன், நூறு, ஆயிரம், லட்சம் ஆகியவற்றில் விதி தலைகீழ். குறிப்பிட்ட எண் முன்னால் வந்தால் ‘ஸ்’ஸும் இல்லை, ‘ஆஃப்’பும் இல்லை: ‘எ டஜன் எக்ஸ்’, ‘டூ ஹண்ட்ரட் பீப்பிள்’, ‘ஃபைவ் லேக் ருபீஸ்’. எண் சொல்லாமல் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் இரண்டும் சேர்ந்து வரும்: ‘ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்’ என்றால் நூற்றுக்கணக்கான மக்கள், ‘லேக்ஸ் ஆஃப் ருபீஸ்’ என்றால் லட்சக்கணக்கான ரூபாய். தமிழில் ‘கணக்கான’ வரும் இடத்தில் ஆங்கிலத்தில் ‘ஸ் ஆஃப்’ வரும் என்று நினைவில் வையுங்கள்.

நிறைய, கொஞ்சம்

பேச்சுத் தமிழில் ‘நிறைய’, ‘கொஞ்சம்’ ஆகிய இரண்டும் எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்கின்றன. நிறைய பேர், நிறைய தண்ணீர். கொஞ்சம் பேர், கொஞ்சம் பால். ‘எத்தனை பேர் வந்தாங்க’ என்பதையே ‘எவ்வளவு பேர் வந்தாங்க’ என்றும் கேட்கிறோம். அதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் ‘ஹவ் மச் பீப்பிள்’ ஆகிவிடும். கொஞ்சம் பேர் என்று நினைத்து ‘லிட்டில் பீப்பிள்’ என்றால் சின்ன உருவமுள்ள மனிதர்கள் என்று பொருளே மாறிப்போகும்.

நிறைய என்பதற்கு ஆங்கிலத்தில் ‘எ லாட் ஆஃப்’ இருக்கிறது. அது இரண்டு வகைப் பெயர்ச்சொற்களோடும் வரும்: ‘எ லாட் ஆஃப் புக்ஸ்’, ‘எ லாட் ஆஃப் வாட்டர்’. ‘பிளென்டி ஆஃப்’, ‘இனஃப்’, ‘சம்’, ‘எனி’, ‘ஆல்’, ‘மோஸ்ட்’ ஆகியவையும் அப்படி இரண்டு பக்கமும் போகக்கூடியவை. வகை தெரியாமல் தயங்கும் நேரத்தில் இவற்றில் ஒன்றைப் பயன்படுத்தித் தப்பிக்கலாம். ஆனால் ‘ஸ்’ போடலாமா கூடாதா, ‘இஸ்’ஸா ‘ஆர்’ரா என்ற கேள்விகள் அப்போதும் நிற்கும்: ‘எ லாட் ஆஃப் வாட்டர் இஸ் வேஸ்டட்’, ‘எ லாட் ஆஃப் பீப்பிள் ஆர் வெயிட்டிங்’. பெயர்ச்சொல்லைத் தெரிந்துகொள்ளாமல் முழுதாகத் தப்பிக்க வழி இல்லை.

‘மச்’ என்ற சொல்லில் ஒரு நுட்பம். கேள்வியிலும் எதிர்மறையிலும் அது இயல்பாக வரும்: ‘ஐ டோன்ட் ஹேவ் மச் டைம்’. உடன்பாட்டு வாக்கியத்தில் ‘ஐ ஹேவ் மச் மணி’ என்றால் இலக்கணப் பிழை இல்லை. ஆனாலும் பேச்சில் ஒட்டாது. அங்கே ‘எ லாட் ஆஃப் மணி’ என்றே சொல்லுங்கள். ‘சோ மச்’, ‘டூ மச்’ என்று முன்னால் ஒரு சொல் சேர்ந்தால் உடன்பாட்டிலும் பொருந்திவிடும். ‘டூ மச்’ என்பது ‘மிகவும்’ அல்ல, ‘அளவுக்கு மீறி’ என்பதை மட்டும் மறக்காதீர்கள். நண்பர் வீட்டு விருந்தைப் பாராட்ட நினைத்து ‘டூ மச் ஃபுட்’ என்றால் அது குறையாகத்தான் கேட்கும்.

ஒரு ‘எ’ செய்யும் வேலை

‘ஃபியூ’ எண்ணக்கூடியவற்றுக்கு, ‘லிட்டில்’ எண்ண முடியாதவற்றுக்கு. இது எளிது. முன்னால் ‘எ’ வருகிறதா இல்லையா என்பதில்தான் வாக்கியத்தின் போக்கே திரும்புகிறது. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்பவர்கள் இதைப் படிக்கட்டும். மற்ற இடங்களில் தவறினால் கேட்பவர் புரிந்துகொண்டு கடந்துவிடுவார். இங்கே தவறினால் நாம் நினைத்ததற்கு நேர் எதிரானதைப் புரிந்துகொள்வார்.

‘ஹீ ஹேஸ் எ ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் அவருக்கு நாலைந்து நண்பர்கள் இருக்கிறார்கள். ‘ஹீ ஹேஸ் ஃபியூ ஃப்ரெண்ட்ஸ்’ என்றால் நண்பர்கள் என்று சொல்லிக்கொள்ள அவருக்கு அதிகம் பேர் இல்லை. முதல் வாக்கியம் தமிழில் ‘இருக்கிறார்கள்’ என்று முடிகிறது, இரண்டாவது ‘இல்லை’ என்று முடிகிறது. அந்த முடிவை வைத்தே தேர்ந்தெடுக்கலாம். மனத்தில் உள்ள தமிழ் வாக்கியம் ‘கொஞ்சம் இருக்கு’ என்று முடிந்தால் ‘எ ஃபியூ’, ‘எ லிட்டில்’. ‘அதிகம் இல்லை’ என்று முடிந்தால் வெறும் ‘ஃபியூ’, வெறும் ‘லிட்டில்’.

வேலைக்கான நேர்காணலில் ஒருவர் ‘ஐ ஹேவ் லிட்டில் எக்ஸ்பீரியன்ஸ் இன் அக்கௌண்ட்ஸ்’ என்கிறார். கணக்கு வேலையில் கொஞ்சம் அனுபவம் உண்டு என்று சொல்லத்தான் நினைத்தார். கேட்பவர் காதில் விழுவதோ, ‘எனக்கு அனுபவம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது. ‘எ லிட்டில்’ என்று சொல்லியிருந்தால் பிழை இல்லை. ‘சம் எக்ஸ்பீரியன்ஸ்’ என்றிருந்தால் இன்னும் நிமிர்ந்து நின்றிருக்கும். மாறாக, சொல்லப்படும் விஷயமே கெட்டதாக இருந்தால் வெறும் ‘ஃபியூ’ பாராட்டாகிவிடும். ‘தேர் ஆர் ஃபியூ மிஸ்டேக்ஸ் இன் யுவர் ரிப்போர்ட்’ என்று மேலாளர் எழுதினால் அறிக்கையில் தவறு என்று அதிகம் இல்லை, மகிழ்ச்சி. ‘எ ஃபியூ மிஸ்டேக்ஸ்’ என்று எழுதினால் சில தவறுகள் இருக்கின்றன, திருத்தித் தாருங்கள்.

ரென், மார்ட்டின் இலக்கண நூலோடு வளர்ந்தவர்களுக்கு மூன்றாவது வடிவமும் நினைவிருக்கும்: ‘தி ஃபியூ’, ‘தி லிட்டில்’. இதற்குத் தமிழில் அச்சுக் குத்தினாற்போல ஒரு சொல் இருக்கிறது. ‘ஹீ லாஸ்ட் தி லிட்டில் மணி ஹீ ஹேட்’ என்றால் இருந்த கொஞ்சநஞ்சப் பணத்தையும் தொலைத்துவிட்டார். ‘இருந்த கொஞ்சநஞ்சம்’ என்ற தொனி வரும் இடமெல்லாம் ‘தி’.

வெறும் ‘ஃபியூ’வும் ‘லிட்டி’லும் இன்று பெரும்பாலும் எழுத்தில்தான் வருகின்றன. பேச்சில் ‘நாட் மெனி’, ‘நாட் மச்’ என்பார்கள். அது ‘அதிகம் இல்லை’ என்ற நம் தொடருக்கு அப்படியே பொருந்துவதால், குழப்பம் வருமோ என்று அஞ்சும் இடத்தில் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ‘க்வைட் எ ஃபியூ’ என்று யாராவது சொன்னால் ஏமாறாதீர்கள். அதன் பொருள் கணிசமாக, நிறையவே.

குறைவைச் சொல்வது

ஒப்பிட்டுக் குறைவு என்று சொல்லும்போது எண்ணக்கூடியவற்றுக்கு ‘ஃபியூவர்’, எண்ண முடியாதவற்றுக்கு ‘லெஸ்’ என்பது பாடப்புத்தக விதி. ‘ஃபியூவர் கார்ஸ்’, ‘லெஸ் டிராஃபிக்’. இந்த விதிக்கு ஒரு பிறப்புச் சான்றிதழே இருக்கிறது. 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் ஆங்கில மொழி பற்றி எழுதிய நூலில், எண்ணிக்கையைச் சொல்லும்போது ‘லெஸ்’ஸைவிட ‘ஃபியூவர்’ நன்றாக இருக்கும் என்று தம் விருப்பத்தைக் குறிப்பிட்டார். ஒருவருடைய விருப்பம் பின்னால் வந்தவர்களின் கையில் சட்டமாக இறுகியது. அதற்கு முன்னும் பின்னும் ஆங்கிலேயர்கள் எண்ணக்கூடியவற்றுக்கு ‘லெஸ்’ஸைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். பிரிட்டனின் பேரங்காடிகளில் குறைவான பொருள் வாங்குபவர்களுக்கான வரிசையில் ‘டென் ஐட்டம்ஸ் ஆர் லெஸ்’ என்ற பலகை பல காலம் தொங்கியது. இலக்கணப் பற்றாளர்கள் ஓயாமல் புகார் சொன்னார்கள். 2008இல் டெஸ்கோ நிறுவனம் சண்டையே வேண்டாம் என்று ‘அப் டு டென் ஐட்டம்ஸ்’ என மாற்றிக்கொண்டது.

தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் விதியைக் கடைப்பிடியுங்கள். பேச்சில் யாராவது ‘லெஸ் பீப்பிள்’ என்றால் திருத்தப் போக வேண்டாம். தூரம், காலம், தொகை ஆகிய மூன்றிலும் எண் இருந்தாலும் ‘லெஸ்’தான் வரும்: ‘லெஸ் தேன் ஃபைவ் கிலோமீட்டர்ஸ்’, ‘லெஸ் தேன் ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ்’. ஐந்து கிலோமீட்டரை ஐந்து தனித் துண்டுகளாக யாரும் நினைப்பதில்லை, ஒரே தூரமாகத்தான் நினைக்கிறோம்.

இரட்டை வாழ்க்கை

சில சொற்கள் இரண்டு வீட்டிலும் குடியிருக்கின்றன. ‘காஃபி’ பொதுவாக அன்கௌண்டபிள். ஆனால் கடையில் உட்கார்ந்து ‘டூ காஃபீஸ், ப்ளீஸ்’ என்று கேட்கலாம். நம் டீக்கடையில் ‘ரெண்டு டீ’ என்று கேட்பதைப் போலத்தான். ‘ஐ லைக் சிக்கன்’ என்றால் கோழிக்கறி பிடிக்கும். ‘ஐ லைக் சிக்கன்ஸ்’ என்றால் முற்றத்தில் மேயும் கோழிகளைப் பிடிக்கும். ‘பேப்பர்’ என்றால் காகிதம், ‘எ பேப்பர்’ என்றால் செய்தித்தாள் அல்லது ஆய்வுக்கட்டுரை. ‘எக்ஸ்பீரியன்ஸ்’ வேலையில் சேர்ந்த அனுபவம், ‘எக்ஸ்பீரியன்சஸ்’ வாழ்வில் நேர்ந்த அனுபவங்கள். தலைமுடி ஒருமை என்று சொன்னேன். சாப்பாட்டில் கிடந்த ஓர் இழை ‘எ ஹேர்’, காதோரம் தெரியும் நரை ‘எ ஃபியூ கிரே ஹேர்ஸ்’. ‘வர்க்’குக்கு ‘ஸ்’ வராது என்றால் பொதுப்பணித்துறையின் ஆங்கிலப் பெயரில் ‘வர்க்ஸ்’ எப்படி வந்தது என்று கேட்கலாம். அங்கே அது கட்டுமானப் பணிகளைக் குறிக்கிறது. எழுத்தாளரின் படைப்புகளும் ‘வர்க்ஸ்’தான். அலுவலகத்தில் உங்களுக்குக் குவிந்து கிடப்பது மட்டும் எப்போதும் ‘எ லாட் ஆஃப் வர்க்’. ‘டேட்டா’வை இன்று இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள், ஓர் அறிக்கைக்குள் ஒரே விதமாக இருந்தால் போதும்.

விட்டுப்போகும் ‘ஸ்’

வேண்டாத இடத்தில் ‘ஸ்’ போடுவது ஒரு பக்கம். வேண்டிய இடத்தில் விடுவது இன்னொரு பக்கம். ‘ரெண்டு புத்தகம் வாங்கினேன்’, ‘பத்து மாடு நிக்குது’ என்பவை தமிழில் பிழையல்ல. மாடு வந்தது, மாடு வந்தன என்று ஒரே சொல் இரண்டுக்கும் நிற்பதை நம் இலக்கணம் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயரிட்டே ஏற்றுக்கொண்டது. ஆங்கிலத்தில் அந்தச் சலுகை மிகச் சில சொற்களுக்குத்தான். ‘மெனி’, ‘செவரல்’, ‘எ ஃபியூ’, ‘போத்’ ஆகியவற்றுக்குப் பின் பன்மை கட்டாயம். ‘ஈச்’, ‘எவ்ரி’ ஆகியவற்றுக்குப் பின் ஒருமை கட்டாயம்.

‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்’ என்பது தமிழர் வாயில் மிக அதிகமாக வரும் பிழை என்று நினைக்கிறேன். ‘என் நண்பர்களில் ஒருவர்’ என்று முழுதாகத் தமிழில் சொல்லிப்பாருங்கள். ‘நண்பர்களில்’ என்ற பன்மை தானே வெளிப்படும். ‘ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் எ டாக்டர்’. நண்பர்கள் பன்மை, வினை ஒருமை. இதே போல ‘தி நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் இஸ் ரைசிங்’ என்பதில் உயர்வது எண்ணிக்கை, அதனால் ‘இஸ்’. ‘எ நம்பர் ஆஃப் ஸ்டூடன்ட்ஸ் ஆர் ஆப்சென்ட்’ என்பதில் வராதவர்கள் மாணவர்கள், அதனால் ‘ஆர்’. ‘நம்பர் ஆஃப்’ எண்ணக்கூடியவற்றுக்கு. எண்ண முடியாதவற்றுக்கு ‘அமௌன்ட் ஆஃப்’.

பயிற்சி

ஒரு பயிற்சி மையத்துக்கு மாணவர் எழுதும் கடிதம் கீழே இருக்கிறது. விடையைப் பார்க்காமல் பென்சிலால் திருத்துங்கள்.

‘ஐ நீட் சம் இன்ஃபர்மேஷன்ஸ் அபௌட் தி கோர்ஸ். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட் செட் யூ ஹேவ் மெனி எக்விப்மென்ட்ஸ் அண்ட் குட் ஸ்டாஃப்ஸ். ஹவ் மச் ஸ்டூடன்ட்ஸ் ஆர் தேர் இன் ஈச் பேட்சஸ்? ஐ ஹேவ் ஃபியூ டவுட்ஸ் அபௌட் தி ஃபீஸ். ப்ளீஸ் கிவ் மீ ஆன் அட்வைஸ்.’

திருத்திய கடிதம் இது:

‘ஐ நீட் சம் இன்ஃபர்மேஷன் அபௌட் தி கோர்ஸ். ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் செட் யூ ஹேவ் எ லாட் ஆஃப் எக்விப்மென்ட் அண்ட் குட் ஸ்டாஃப். ஹவ் மெனி ஸ்டூடன்ட்ஸ் ஆர் தேர் இன் ஈச் பேட்ச்? ஐ ஹேவ் எ ஃபியூ க்வெஸ்சன்ஸ் அபௌட் தி ஃபீஸ். ப்ளீஸ் கிவ் மீ சம் அட்வைஸ்.’

‘ஃபியூ டவுட்ஸ்’ இருந்த வரியைத் திரும்பப் பாருங்கள். அதில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஆனால் கட்டணம் பற்றி எனக்குச் சந்தேகம் என்று அதிகம் இல்லை என்றே அது சொல்கிறது. மையத்தில் இருப்பவர் அந்த வரிக்குப் பதில் எழுதாமலே விட்டுவிடக்கூடும். ‘டவுட்ஸ்’ என்பதை ‘க்வெஸ்சன்ஸ்’ என்று மாற்றியதற்கும் காரணம் உண்டு. ‘டவுட்’ என்றால் நம் ஊரில் கேட்டுத் தெளிய வேண்டிய சந்தேகம். வெளியூர் ஆங்கிலத்தில் அது அவநம்பிக்கை. கடைசி வரியில் ஒரே ஓர் ஆலோசனை போதும் என்பவர்கள் ‘எ பீஸ் ஆஃப் அட்வைஸ்’ என்றும் எழுதலாம், இரண்டும் சரியே.